தணிகையிலிருந்து டில்லிக்கு ஒரு குடும்பப் பிரயாணம்

திருத்தணியில் டில்லிப் பேச்சை முதலில் எடுப்பது வீட்டுப் பெரியவர்கள் அல்ல. பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான். செப்டம்பர் 5ஆம் தேதி ஆசிரியர் தினம் வருகிறது. "நம் ஊரிலே பிறந்தவர், டில்லியில் 340 அறைகள் கொண்ட மாளிகையில் ஐந்து வருஷம் ஜனாதிபதியாக இருந்தார்" என்று வகுப்பில் சொல்லக் கேட்ட பிள்ளை, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைக் கழற்றுமுன்பே, "அந்த மாளிகையை நாம் பார்க்க முடியுமா?" என்று கேட்கிறது. ஏதோ நினைப்பில் அப்பா, "முடியும், போகலாம்" என்று சொல்லிவிடுகிறார். அத்தோடு வீட்டில் அமைதி போயிற்று!

கேள்வி நியாயமான கேள்விதான். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி திருத்தணியில் பிறந்தவர். ஆரம்பப் படிப்பும் இங்கேயே. பிறகு திருப்பதி, வேலூர், சென்னை என்று படிப்பு அவரை அழைத்துக்கொண்டு போயிற்று. 1952 முதல் பத்து ஆண்டுகள் உப ஜனாதிபதி. 1962 மே முதல் 1967 மே வரை ஜனாதிபதி. அந்த ஐந்து ஆண்டுகள் லேசான காலம் அல்ல. சீன யுத்தமும் பாகிஸ்தான் யுத்தமும் அப்போதுதான். நேருவும் சாஸ்திரியும் பதவியில் இருக்கும்போதே காலமானதும் அப்போதுதான். இரண்டு முறை குல்ஜாரிலால் நந்தாவுக்கும், ஒரு முறை சாஸ்திரிக்கும், இரண்டு முறை இந்திரா காந்திக்கும் பிரதமர் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் இந்த ஊர்க்காரர். ஆகவே திருத்தணிப் பிள்ளை அந்த மாளிகையைப் பார்க்க ஆசைப்படுவதில் ஒரு சிறு உரிமையும் கலந்திருக்கிறது.

ஆனால் டில்லி பக்கத்துத் திருப்பதி அல்லவே, நினைத்த நாளில் பஸ் ஏறிவிட! தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர் போவதென்றால் அது பல வருஷச் சேமிப்பு. சீட்டுக் கட்டி எடுத்த பணமாக இருக்கும்; அல்லது பாட்டியின் கையிருப்பாக இருக்கும். இன்னொரு தடவை போகலாம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பாட்டியின் வயதைப் பார்த்தால் அதைச் சொல்லவும் மனம் வராது. இப்படிப் போய், போன காரியம் பாதி முடியாமல் திரும்பி வருகிறவர்கள் உண்டு. அவர்களைக் கேட்டால் பணம் போதாமல் திரும்பியதாகச் சொல்பவர் குறைவு. "நாங்கள் போன அன்று மூடியிருந்தது" என்பார்கள். அல்லது, "பனியில் ஒன்றுமே தெரியவில்லை" என்பார்கள். பணத்தை எண்ணிய அளவுக்கு நாட்காட்டியைப் பார்க்கவில்லை என்பதே விஷயம்.

எந்த மாதம்?

நம் பள்ளிக்கூட விடுமுறைக்கும் டில்லியின் பருவத்துக்கும் ஜாதகப் பொருத்தமே கிடையாது. நமக்குப் பெரிய விடுமுறை மே மாதம். அப்போது டில்லியில் வெயில் 45 டிகிரியைத் தொடும். 'லூ' என்ற அனல் காற்று முகத்தில் அறையும். "நம் பக்கத்து வெயிலைப் பார்த்தவர்களுக்கு அது என்ன பிரமாதம்?" என்று சிலர் நினைக்கலாம். இங்கே வெயிலில் வீட்டுக்குள் இருக்கிறோம். அங்கே வெயிலில் கோட்டை கோட்டையாக நடக்க வேண்டும். வித்தியாசம் அதுதான்.

அடுத்தது டிசம்பர் கடைசியில் வரும் அரையாண்டு விடுமுறை. குளிர் ஒரு பக்கம் இருக்கட்டும். மூடுபனி இறங்கிவிட்டால் வடக்கே ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஒரு நாள் பயணத் திட்டமே கவிழ்ந்துவிடும். தவிர, திருத்தணிக்காரர்களுக்கு டிசம்பர் 31 சும்மா விடுகிற நாளா? அன்றுதான் படித் திருவிழா. 365 படிகளுக்கும் பூஜை செய்து, படிக்கொரு திருப்புகழ் பாடி, நள்ளிரவில் மலையேறுவார்கள். வெள்ளைக்காரத் துரைகளுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துப் புத்தாண்டு வணக்கம் சொல்லப் போகிறவர்களைத் தணிகைத் துரையிடம் திருப்பிவிட்டவர் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகளைச் சொல்வார்கள். அந்த நாளில் ஊரை விட்டு டில்லிக்குப் போக எந்தப் பாட்டியும் சம்மதிக்க மாட்டாள். பூக்கடை, தேங்காய்க்கடை, ஓட்டல் வைத்திருப்பவர்களைக் கேட்கவே வேண்டாம்.

குடியரசு தின அணிவகுப்பை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. ஜனவரி 26க்குப் பள்ளிக்கூடத்துக்குத் தொடர் விடுமுறை கிடையாது. அந்த வாரத்தில் பாதுகாப்புக் கெடுபிடியினால் செங்கோட்டை முதலிய இடங்களும் மூடப்படும். அணிவகுப்பு ஒன்றை மட்டும் பார்த்தால் போதும் என்பவர்கள் போகலாம். குடும்பத்தோடு ஊர் பார்க்க அது காலமல்ல.

எஞ்சுவது காலாண்டுத் தேர்வு விடுமுறை. செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை, ஏறக்குறைய ஒன்பது நாட்கள். டில்லியில் மழை விலகியிருக்கும்; குளிர் தொடங்கியிருக்காது. அக்டோபர் கடைசிக்கு மேல் பஞ்சாப், ஹரியானா வயல்களில் வைக்கோல் தாள் எரிக்கும் புகையும் நகரத்துப் புகையும் சேர்ந்து மூச்சை அடைக்கும். அதற்கும் முன்பாகவே திரும்பிவிடலாம். ராம்லீலா நாடகங்கள் நடக்கும் காலமாகவும் அது சில ஆண்டுகளில் அமையும். ஆயுத பூஜை அந்த நாட்களில் விழுந்தால் கடைக்காரக் குடும்பத்துக்குச் சங்கடம்தான். கடைச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துப் பூஜையை அவர் பொறுப்பில் விட்டுச் செல்ல வேண்டும். அல்லது அந்த வருஷம் பயணத்தை விட்டுவிட வேண்டும்.

ஒரு நஷ்டம் உண்டு. ஜனாதிபதி மாளிகைத் தோட்டத்தின் பூக்காலம் பிப்ரவரி, மார்ச். மொகல் தோட்டம் என்று வழங்கியது 2023 முதல் அமிருத உத்யானம் ஆகியிருக்கிறது. 2023லும் 2024லும் ஆகஸ்ட் நடுவிலிருந்து ஒரு மாதமும் தோட்டத்தைத் திறந்தார்கள். அதில் செப்டம்பர் 5ஆம் தேதியை ஆசிரியர்களுக்கென்றே ஒதுக்கினார்கள். திருத்தணிப் பள்ளி ஆசிரியர்களுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்குமா? ஆனால் அன்று அவர்கள் வகுப்பில்தான் இருப்பார்கள், பாவம்!

தெற்கு வாசலும் வடக்கு வாசலும்

திருத்தணி அரக்கோணத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே இருப்பதால் டில்லிக்கு இரண்டு வாசல் உண்டு. வடக்கே திருப்பதிக்குப் போய், திருவனந்தபுரத்திலிருந்து அவ்வழியாக வரும் கேரளா எக்ஸ்பிரஸில் ஏறலாம். தெற்கே சுமார் 85 கிலோமீட்டர் சென்னைக்குப் போய் சென்ட்ரலில் ஏறலாம். வடக்கே போக வேண்டியவன் தெற்கே போவானேன் என்று தாத்தா கேட்பார். முதியவர்களும் மூட்டை முடிச்சுகளும் இருக்கும்போது, நடுவழி நிலையத்தில் சில நிமிஷங்களில் ஆறு பேரும் ஏறுவதைவிட, புறப்படும் நிலையத்தில் நிதானமாக ஏறி, பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, பாட்டிக்குத் தலையணை போட்டு உட்காரவைப்பது மேல். திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயில் இருக்கவே இருக்கிறது.

சென்னையிலிருந்து டில்லி சுமார் 2,180 கிலோமீட்டர். 1929இல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கி, பின்னால் சென்னை – டில்லி வண்டியாக மாறிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் பழைய வண்டி. 1976இல் வந்த தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நிறுத்தங்கள் குறைந்த வண்டி. இரவு பத்து மணி வாக்கில் சென்ட்ரலை விட்டால் மூன்றாம் நாள் காலை புதுடில்லியில் இறங்கலாம். விடுமுறை விட்ட வெள்ளிக்கிழமை இரவே புறப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை டில்லி.

வழியில் திருத்தணிக்காரர்களுக்கு ஒரு சௌகரியம், மதுரைக்காரர்களுக்கோ திருச்சிக்காரர்களுக்கோ இல்லாதது. கூடூர், நெல்லூர், விஜயவாடா, வாரங்கல் என்று மறுநாள் காலை வரை வண்டி தெலுங்கு நாட்டில் ஓடுகிறது. எல்லை ஊர்க்காரர்களுக்குத் தெலுங்கு வாய்க்குள்ளேயே இருக்கிறது. எதிர் சீட்டுக்காரரோடு பாட்டி ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவாள். பல்லார்ஷா தாண்டிய பிறகுதான் அவள் மௌனம் ஆரம்பம்.

கட்டுச் சோற்றில் முதல் இரவுக்குத் தயிர்சாதம், மறுநாளைக்குப் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி என்ற பழைய முறையை மிஞ்சிய முறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

கீழ்ப் படுக்கை கிடைக்கும் வழி

டிக்கெட் எடுப்பதில் பலருக்குத் தெரியாத நுட்பம் ஒன்று இருக்கிறது. ஒரே சீட்டில் ஆறு பேர் வரை பதிவு செய்யலாம்; எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அறுபது வயதான ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் அவர்கள் தனியாகவோ, அவர்களில் இருவர் மட்டும் சேர்ந்தோ ஒரு சீட்டில் பயணம் செய்தால்தான் அந்த ஒதுக்கீடு பொருந்தும். பேரப் பிள்ளைகளையும் சேர்த்து ஆறு பெயரை எழுதிவிட்டால் பாட்டிக்கு நடுப் படுக்கையோ மேல் படுக்கையோ விழ இடமுண்டு. தாத்தா பாட்டி இருவருக்கும் தனிச் சீட்டு எடுப்பதே உத்தமம். பெட்டி மாறிப் போகலாம். ஒரு பெட்டி நடந்து போய்ப் பார்த்துக்கொள்வது ஒரு கஷ்டமா? மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளில் ஐந்து வயது நிரம்பாதவர்களுக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம்.

திங்கட்கிழமை என்ற வில்லன்

டில்லியில் திங்கட்கிழமை ஜனாதிபதி மாளிகை மூடியிருக்கும். செங்கோட்டை மூடியிருக்கும். தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் எல்லாம் மூடியிருக்கும். இதை அறியாமல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு செங்கோட்டை வாசலில் போய் நின்றவர்கள் எத்தனையோ பேர்.

ஞாயிறு காலை இறங்கியவுடன் அலைய வேண்டாம். கரோல்பாகிலோ பகார்கஞ்சிலோ தங்குமிடம் பார்த்துக் குளித்து, பாட்டியைப் படுக்கவைத்துவிட்டு, மாலையில் இந்தியா கேட் போனால் போதும். கரோல்பாகில் தமிழ்க் குரல் காதில் விழும். வெள்ளைக்காரர் காலத்திலேயே சர்க்கார் உத்தியோகத்துக்குப் போன தென்னாட்டுக் குடும்பங்கள் குடியேறிய பேட்டை அது. அவர்கள் பிள்ளைகளுக்காக 1923இல் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக ஏழு பள்ளிகளை நடத்துகிறது. இந்தியா கேட்டின் உயரம் 42 மீட்டர். அதன் பின்னால் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் விடுதலைக்குப் பின் நடந்த யுத்தங்களில் மாண்ட வீரர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமைக்கென்றே இரண்டு இடங்கள் காத்திருக்கின்றன. காலையில் குதுப் மினார். உயரம் எழுபத்திரண்டரை மீட்டர். உள்ளே 379 படிகள். தணிகை மலைப் படிகளைவிடப் பதினான்குதான் அதிகம்! "இது என்ன, ஒரே மூச்சில் ஏறிவிடலாம்" என்று திருத்தணிப் பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள். ஏற முடியாது. 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்து, இருட்டில் நெரிசல் ஏற்பட்டு, நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள். அன்று மூடிய கதவு பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்கும் இரும்புத் தூணுக்கு வரலாம். குப்தர் காலத்தது, ஏழு மீட்டருக்குமேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை. ஆயிரத்தறுநூறு ஆண்டு மழையிலும் வெயிலிலும் நின்றும் துரு அரிக்கவில்லை. இரும்பில் கலந்திருக்கும் பாஸ்பரஸ் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கியிருக்கிறது என்பது விஞ்ஞானிகள் சொல்லும் காரணம்.

மாலையில், நடை திறந்ததும், ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர். உத்தர சுவாமிமலை என்பது அதன் பெயர். ஒரு சிறு குன்றின்மேல் சுவாமிநாதனுக்குக் கருங்கல்லில் கோயில் கட்டி 1973 ஜூன் 7ஆம் தேதி குடமுழுக்குச் செய்தார்கள். 1965இல் அடிக்கல் நாட்டியவர் அப்போதைய முதலமைச்சர் பக்தவத்சலம். இரண்டு நாளாக ஹிந்தி கேட்டுக் கேட்டுச் சோர்ந்த பாட்டிக்கு விபூதி வாசனையும் தமிழ்ப் பேச்சும் இங்கே ஒன்றாகக் கிடைக்கும். மற்ற இடங்களைப் பிள்ளைகளுக்காகப் பார்ப்பவள் இந்த இடத்தைத் தனக்காகப் பார்ப்பாள். டில்லித் திட்டம் போடும்போது இதைக் கடைசி நாளுக்குத் தள்ளுகிறவர்கள் உண்டு; அது தவறு. முதலிலேயே முருகனைப் பார்த்துவிட்டால் பிறகு எங்கே கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் வருவாள்.

மாளிகையும் வட்டக் கட்டடமும்

செவ்வாய்க்கிழமை ஜனாதிபதி மாளிகை. பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் அன்றுதான். ஆனால் நேரே வாசலில் போய் நின்றால் விட மாட்டார்கள். நாளும் நேரமும் இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்து சிறு கட்டணம் கட்ட வேண்டும். ஒவ்வொருவரும் அசல் அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும். அரசு விடுமுறை நாட்களில் திறப்பதில்லை. அக்டோபர் 2 அதில் அடக்கம். ரயில் டிக்கெட் உறுதியானவுடனே இந்தப் பதிவையும் பார்த்துவிடுவது நல்லது.

எட்வின் லட்யன்ஸ் வரைந்த திட்டப்படி 1929இல் வைஸ்ராய்க்காகக் கட்டி முடித்த மாளிகை. வைஸ்ராய்கள் போன பிறகு கவர்னர் ஜெனரலாக ராஜாஜி இருந்தார். ஜனாதிபதிகளாக ராதாகிருஷ்ணன், ஆர். வெங்கட்ராமன், அப்துல் கலாம் இருந்தார்கள். 1947 ஆகஸ்ட் 15 காலையில் நேருவின் மந்திரிசபை பதவியேற்ற தர்பார் மண்டபத்துக்கு 2024 முதல் கணதந்திர மண்டபம் என்று பெயர். வாத்தியாராகத் தொழில் தொடங்கியவர் இந்த மண்டபங்களில் நடந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். வழிகாட்டி சொல்ல மறந்தாலும் அப்பா சொல்லலாம்.

வெளியே வந்தால் கர்த்தவ்யா பாதை. 2022 வரை ராஜபாதை. ஒரு பக்கம் வட்ட வடிவமாக, 144 தூண்களோடு பழைய பார்லிமெண்ட் கட்டடம் தெரியும். 1927இல் திறந்தது. 2023இல் பக்கத்தில் புதுக் கட்டடம் வந்துவிட்டதால் இதற்கு இப்போது சம்விதான் சதன் என்று பெயர். டில்லிக்கு வரும் எல்லோரும் இதைப் பார்த்துவிட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். திருத்தணிக்காரர்கள் மட்டும் இங்கே கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டும்.

1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சிவஞானம் தலைமையில் தமிழரசுக் கழகம் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் இந்த ஊர்த் தெருக்களில் நடந்தது. தடியடியும் சிறையும் கண்ட தலைமுறை அது. படாஸ்கரிடம் எல்லைத் தகராறு மத்தியஸ்தத்துக்குப் போயிற்று. அவர் தீர்ப்பின்படி 1959இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறியது இந்த வட்டக் கட்டடத்தில். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. திருப்பதி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. தாத்தாவுக்கு அப்போது பள்ளிக்கூட வயதாயிருந்தால், ஒரு நாள் ஆந்திராவில் தூங்கி மறுநாள் சென்னை மாநிலத்தில் விழித்த கதையை அவர் இந்தத் தூண்களுக்கு எதிரே நின்று சொல்லலாம். உள்ளே போகாவிட்டாலும் பாதகமில்லை.

புதன்கிழமை செங்கோட்டை. 1945இல் இந்திய தேசிய ராணுவத்து அதிகாரிகளை வெள்ளைக்காரர் விசாரித்த இடம். நேதாஜியின் அந்தப் படையில் மலேயாத் தமிழர் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது தமிழ்நாடு அறிந்ததே. கோட்டைக்குள் நடை அதிகம். முதியவர்களைக் காலையிலேயே அழைத்துப் போய்விட வேண்டும். மாலையில் ராஜ்காட்.

ஆக்ராவைத் திரும்பும் வழியில் வையுங்கள்

ஆக்ராவுக்குப் போய்த் தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு மறுபடி டில்லிக்கு வந்து ரயில் ஏறுவது வீண் அலைச்சல். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ரா வழியாகத்தான் தெற்கே வருகிறது. வியாழன் காலை டில்லி அறையைக் காலி செய்து ஆக்ரா போய், பகலில் தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு, இரவு அங்கேயே வண்டி ஏறினால் சனிக்கிழமை காலை சென்னை. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் இதைத் தள்ளிவிடக் கூடாது. அன்று தாஜ்மகால் மூடியிருக்கும். டில்லியிலிருந்து ஆக்ராவுக்கு விரைந்தோடும் கதிமான் எக்ஸ்பிரஸுக்குக்கூட வெள்ளிக்கிழமை ஓய்வு என்றால் பார்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் திருத்தணி. ஞாயிறு ஒரு நாள் உடம்பு வலி தீர, திங்கள் பள்ளிக்கூடம்.

எட்டு மணிக்கு யார் போவது?

இனி டிக்கெட். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு அறுபது நாள் முன்புதான் திறக்கிறது. முன்பு நூற்றிருபது நாள். காலை எட்டு மணிக்கு ஜன்னல் திறந்தால், விடுமுறைக் காலத்து வண்டியில் இடம் நிமிஷக் கணக்கில் நிரம்பிவிடும். திரும்பும் டிக்கெட்டுக்கு அதன் தேதியிலிருந்து அறுபது நாள் எண்ண வேண்டும். ஆகையால் அது சில நாள் கழித்துத்தான் கிடைக்கும். போக டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் வர டிக்கெட்டை மறந்துவிட்டு, டில்லியில் தவித்தவர்களும் உண்டு.

செப்டம்பர் கடைசியிலிருந்து அறுபது நாள் பின்னால் எண்ணினால் ஜூலை கடைசி வருகிறது. அதுவோ ஆடி மாதம்! ஆடிக் கிருத்திகை அதையொட்டி வந்துவிட்டால் ஊர் முழுவதும் காவடி. மலையடிவாரத்திலிருந்து சரவணப் பொய்கை வரை தலை தெரியும், தரை தெரியாது. வீட்டில் வெளியூர் உறவினர், கடையில் கூட்டம். அந்தக் காலை எட்டு மணிக்கு முன்பதிவு ஜன்னலில் நிற்கப்போவது யார், கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரப்போவது யார் என்பதை ஆனி மாதமே வீட்டில் தீர்மானம் செய்துவிட வேண்டும். கேள்வியைக் கேட்டு வைத்த பிள்ளையையே அந்த வேலைக்கு அமர்த்தும் வீடுகளும் இருக்கின்றன.